மறைவதும் மறைக்கப்படுவதும்

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளைஞன் குடியிருக்கிறான். பேஸ் கிதார் வாசிப்பவன். கச்சேரி மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்துப் பிழைக்கிறான். நாலே நாலு தந்திகள் கொண்ட அந்த வாத்தியத்தின் ஓசை தளத்தைத் துளைத்துக்கொண்டு என் எழுதுமேஜைக்கு இறங்கி வரும். பாட்டு வராது, ராகம் வராது, 'தும், தும்' என்கிற அதிர்வு மட்டும் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாடிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"வாங்க சார், உட்காருங்க. ஒரு பாட்டு போடறேன், கேளுங்க" என்றான். சிரித்த முகத்தோடு வரவேற்பவனிடம் எப்படிச் சண்டை போடுவது? உட்கார்ந்தேன்.

1964-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மை கேர்ள்' என்ற பாட்டு அது. டெம்ப்டேஷன்ஸ் என்ற குழுவினர் பாடியது. முடிந்ததும், "என்ன சார் கேட்டீங்க?" என்றான்.

"நன்றாகப் பாடுகிறார்கள், தம்பி."

"பாடறவங்களை விட்டுடுங்க சார். இன்னொரு தடவை போடறேன். மேலே கேட்காதீங்க, அடியிலே கேளுங்க."

கேட்டேன். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, அடியில் ஒருவன் தந்தியைத் தட்டுகிறான். இதயம் துடிப்பதைப் போல, ஒரே இடத்தில், அவசரமே இல்லாமல். அதன் மேல் ஒரு கிதார் படிப்படியாக ஏறி வருகிறது. அதற்குப் பிறகுதான் பாட்டு! முதல் தடவை இவை இரண்டும் என் காதில் விழவே இல்லை. விழுந்திருக்கும்; நான்தான் கேட்கவில்லை.

"பேஸ் வாசிச்சவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கிதார், ராபர்ட் வொயிட். அந்த ரெக்கார்டு வந்தப்போ ரெண்டு பேர் பேரும் அதிலே கிடையாது சார்" என்றான் அந்தப் பையன். தன் சொந்தத் தகப்பனாருக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்கிறவனைப் போல அவன் முகம் இருந்தது.

சண்டை போட வந்தவன், ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு கீழே இறங்கினேன். பெயர் தெரியாமல் நல்ல வேலை செய்து முடிப்பது உயர்ந்த குணமா? அல்லது, அதை உயர்ந்த குணம் என்று நாம் புகழ்வது நமக்கு வசதியாக இருப்பதால்தானா?

டெட்ராய்ட் என்பது கார் செய்கிற ஊர். அங்கே கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் பெர்ரி கோர்டி. 1959-ல் அவர் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். மோட்டவுன் என்று பின்னால் உலகப் புகழ் பெற்றது அதுதான். வெறும் சட்டமாக ஒரு முனையில் நுழைகிற இரும்பு, பல கைகள் மாறி, மறு முனையில் பளபளக்கும் காராக வெளியே வருவதைத் தொழிற்சாலையில் அவர் பார்த்திருந்தார். பாட்டையும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தார், செய்தும் காட்டினார். எழுதுகிறவர்கள் ஓர் அறையில், பாடுகிறவர்கள் ஓர் அறையில், வாத்தியக்காரர்கள் ஓர் அறையில். மேற்கு கிராண்ட் புலவாரில் 2648-ம் எண்ணுள்ள ஒரு சாதாரண வீடுதான் அந்தத் தொழிற்சாலை. வாத்தியக்காரர்கள் வேலை செய்த கூடத்தில் மின்கம்பிகள் கொடி கொடியாகத் தொங்கும். அதனால் அதற்குப் 'பாம்புக் குழி' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

இரவில் ஜாஸ் விடுதிகளில் தங்கள் மனசுக்குப் பிடித்ததை வாசித்துவிட்டு, பகலில் அந்தக் குழிக்குள் இறங்கிக் கூலிக்கு வாசித்தவர்கள் அவர்கள். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று பாடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அடியில் வாசித்த கைகள் பெரும்பாலும் அதே கைகள்தான். காரை வாங்கியவன் கம்பெனியின் பெயரை அறிவான். திருகாணியை முடுக்கியவனின் பெயரை அறிவானா? டெட்ராய்ட்டில் அது யாருக்கும் விபரீதமாகத் தோன்றவில்லை.

ஜேமர்சன் 1936-ல் தென் கரோலினா மாநிலத்தில் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றுக்கொண்டது, ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய மரப் பேஸ். மின்சாரப் பேஸ் கிதாருக்கு மாறிய பிறகும் அந்தப் பழைய பழக்கம் போகவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். 'கொக்கி' என்று அந்த விரலுக்கே ஒரு பட்டப் பெயர் உண்டு. தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். பழசாகிப் பழசாகித்தான் அந்தக் கனத்த, கும்மென்ற நாதம் வரும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"அப்படி என்னதான் செய்தார்?" என்று மறுநாள் மாடிக்குப் போய்க் கேட்டேன்.

பையன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினான். 'க்ரூவ்' என்று ஒரு சொல் சொன்னான். இசைத்தட்டில் ஊசி ஓடுகிற தடத்துக்கும் அதுதான் பெயர். எனக்கு உழவுசால் நினைவுக்கு வந்தது. டிரம்ஸ் வாசிப்பவரின் கால், பெரிய முரசை உதைக்கிற அதே கணத்தில் பேஸ் தந்தி ஒலிக்க வேண்டும். அந்த 'அதே கணம்' என்பதில்தான் ரகசியம். மயிரிழை முந்தினால் பாட்டில் ஓர் ஆர்வம் ஏறும். மயிரிழை பிந்தினால் ஒரு சுகமான சோம்பல் வரும். எந்தப் பாட்டுக்கு எவ்வளவு முந்துவது, எவ்வளவு பிந்துவது என்பது எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. பக்கத்தில் இருப்பவனுடைய மூச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டால் போதாது; மூன்று நிமிஷமும் அந்தச் சால் கோணாமல் உழ வேண்டும்.

"நாங்க நிறுத்திட்டா, என்ன நின்னுதுன்னு ஜனங்களுக்குத் தெரியாது சார். ஆனா தாளம் போட்டுக்கிட்டிருந்த காலு நின்னுடும்" என்றான்.

ஜேமர்சனுக்கு முன்னால், இத்தகைய பாட்டுகளில் பேஸ் வாசிப்பது பெரும்பாலும் ஆஜர் கொடுப்பதைப் போன்ற வேலை. ஆதார சுரம், அதன் பஞ்சமம், மறுபடியும் ஆதார சுரம்! அவரோ, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் உள்ள சந்துபொந்துகளிலெல்லாம் நுழைந்து புறப்பட்டார். தாளம் விழும் இடத்தில் விழாமல் இடைவெளியில் விழுந்தார். 1967-ல் வந்த 'ஏன்ட் நோ மௌன்டன் ஹை எனஃப்' என்ற பாட்டில், மேலே மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிக்கொண்டிருக்கும்போது அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அது மேலே இருக்கிற பாட்டை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. அவ்வளவு வித்தையையும் வைத்துக்கொண்டு, பாடுகிறவரின் குரல் இன்னும் சற்று உயரமாகத் தெரிவதற்காக அதைச் செலவழித்திருக்கிறார்.

இதைக் கேட்டபோது, 'ஆகா, இதுவல்லவா நிஷ்காம்ய கர்மம்!' என்று என் மனம் துள்ளியது. 'நான்' என்பது மறைந்தால்தான் கலை பிறக்கும் என்று எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! ஒரு கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து எழுதவும் உட்கார்ந்தேன்.

ஆனால் ஜேமர்சனின் கதை அங்கே முடியவில்லை.

1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தது. மோட்டவுன் இசைத்தட்டின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சானது அப்போதுதான் முதல் தடவை என்கிறார்கள். கம்பெனி தொடங்கிப் பன்னிரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன! மறு வருஷம், 1972-ல், கம்பெனி டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சனும் பின்தொடர்ந்து போனார். புது ஊர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலத்தின் ருசியும் மாறியது. குடியும் இருந்தது. 1983 மார்ச்சில் மோட்டவுனின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா பாசடீனா நகரத்தில் பெரிய கோலாகலத்தோடு நடந்தது. தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தார்கள். மேடையில் பாடப்பட்ட பழைய பாட்டுகளில் பலவற்றுக்கு அடித்தளம் போட்ட மனிதர், தாமே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடி வரிசையில் உட்கார்ந்து அந்த விழாவைப் பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி காலமானார். வயது 47. சாவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் அவருடைய பேஸ் கிதாரையும் யாரோ திருடிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் நியாயமாகப் பேச விரும்புகிறேன். அவரைக் கொன்றது பெயரில்லாமை என்று சொல்லமாட்டேன், குடி கொன்றது. கம்பெனிக்காரர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினார் என்றும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளே இல்லை. உறையில் பெயர் போடாமலிருந்தது அந்தக் காலத்தில் அங்கே பல கம்பெனிகளின் வழக்கம். எல்லாரும் செய்த தவறு ஒருவர் செய்த தவறாகாது. ஆனால் எல்லாரும் செய்ததனால் அது தவறில்லை என்றும் ஆகிவிடாது அல்லவா?

அந்த 'மை கேர்ள்' கிதார்க்காரரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஃபங்க் பிரதர்ஸைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆலன் ஸ்லட்ஸ்கி சொன்னது. ராபர்ட் வொயிட்டும் அவரும் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேளையில் ஹோட்டலில் அந்தப் பாட்டே ஒலித்தது. பரிமாறுகிறவர் வந்து நின்றார். வொயிட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டென்று அடக்கிக்கொண்டு, சாப்பிட என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். 'அது என் விரல்' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால், ஏதோ கிழவன் உளறுகிறான் என்று நினைத்துவிடுவானோ என்று தயங்கிவிட்டார்.

இதைக் கேட்ட பிறகு, எழுதி வைத்திருந்த என் அழகான முடிவைக் கிழித்துப் போட்டேன்.

தன்னை மறைத்துக்கொள்வது வேறு. பிறர் மறைத்துவிடுவது வேறு. பாட்டுக்குள்ளே ஜேமர்சன் தம்மை மறைத்துக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை, அவருடைய சுதந்திரம், அவருடைய கலை. பாட்டுக்கு வெளியே, உறையின் மீது, அவரை மறைத்தது அவரல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'ஆகா, என்ன தியாகம்!' என்று சொல்கிறோமே, அந்தப் புகழ்ச்சியில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவன், வாங்காமல் போனவனைத் தியாகி என்று வாழ்த்துவதைப் போன்ற கள்ளத்தனம்.

'பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்' என்று கீதை சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறது. யாருக்குச் சொல்கிறது? செய்கிறவனுக்கு! அவன் மனசு அலைபாயாமல் இருப்பதற்காக அவனுக்குச் சொன்ன மருந்து அது. பலனைக் கொடுக்க வேண்டியவன் அதை எடுத்துத் தனக்குச் சலுகையாக்கிக்கொள்ள முடியுமா? 'நீ எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே நான் கொடுக்க வேண்டியதில்லை' என்பது எந்தக் கீதையிலும் இல்லை.

'நம் கோவில்களைக் கட்டியவர்கள் பெயர் எழுதி வைத்தார்களா?' என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் தஞ்சைப் பெரிய கோவிலின் சுவரைப் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்தத் தெருவில், எத்தனையாவது வீடு, அங்கே குடியிருப்பவள் பெயர் என்ன, அவளுக்குப் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு நூறு கலம் நெல். வாத்தியம் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் அந்தக் கல்லில் இடம் உண்டு. ஆயிரம் வருஷங்களுக்கு முன், உளியால் கல்லில் வெட்ட முடிந்த பெயரை, அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு காகித உறையில் போட முடியவில்லை என்றால், இடம் போதவில்லை என்பதா காரணம்?

இன்னொருவரின் கதையையும் சொன்னால்தான் இந்த வழக்கு பூர்த்தியாகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கேரல் கே என்று ஒரு பெண்மணி. 1935-ல் பிறந்தவர். ஜாஸ் கிதார் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1963-ல் ஓர் ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராமல் போகவே, அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். பிறகு அதுவே அவருடைய தொழிலாயிற்று. சுமார் 10,000 பதிவுகளில் வாசித்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். பீச் பாய்ஸ் குழுவின் பாட்டுகளிலிருந்து சினிமா, தொலைக்காட்சி இசை வரை. ஆண்கள் நிறைந்த அந்த அறைகளில் அவர் ஒருவரே பெண்ணாக இருந்த நாட்கள் அநேகம்.

அமெரிக்காவில் ராக் இசைக் கலைஞர்களுக்கென்று ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. ஜேமர்சனுக்கு 2000-ம் ஆண்டில், அவர் இறந்து பதினேழு வருஷங்கள் கழித்து, அங்கே இடம் கொடுத்தார்கள். கேரல் கேக்கு 2025-ல், அவருடைய தொண்ணூறாவது வயதில், அந்தக் கௌரவம் வந்தது. 'நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டார் அந்தப் பாட்டி! அவர்களுடைய கூட்டத்துக்குப் பிற்காலத்தில் சூட்டப்பட்ட 'ரெக்கிங் க்ரூ' என்ற பெயர், அதாவது 'உடைக்கிற கூட்டம்', தங்களை இழிவுபடுத்துகிறது என்றார். ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் செய்த வேலை எத்தகையது என்பதை அந்தக் கௌரவம் எடுத்துக்காட்டவில்லை என்றும் சொன்னார்.

மாடிப் பையனுக்கு இதில் சற்று வருத்தம். "வாங்கிக்கிட்டிருக்கலாமே சார்" என்றான். எனக்கோ, இத்தனை நாள் தேடிய விடை அந்தக் கிழவியின் மறுப்பில் இருப்பதாகப் பட்டது. பெயர் அவர் கையில் வந்து சேர்ந்தது. அதனால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இருப்பதைத்தான் துறக்க முடியும். இல்லாததை எப்படித் துறப்பது? ஹோட்டலில் வாயெடுத்து அடக்கிக்கொண்ட அந்த மனிதர் துறவியல்ல. மறுக்கும் உரிமைகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஒருவன் புகழைத் துறக்க வேண்டுமானால், முதலில் அதை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டியது நம்முடைய கடமை. எடுத்துக்கொள்வதும் எட்டி உதைப்பதும் அவன் இஷ்டம்.

இவ்வளவு தீர்ப்புச் சொல்கிறவன், தன் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் என் தொடர்கதை ஒன்று ஒரு பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தகப்பனார் காலமாகிவிட்டார். பதினெட்டாம் அத்தியாயத்தில், அதை மறந்துபோய், அவரைத் திண்ணையில் உட்கார வைத்து வெற்றிலை போட வைத்திருந்தேன்! பிழை திருத்துகிற பெரியவர் ஒருவர், புரூஃபின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: 'இவர் காலமாகிவிட்டார். சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாமா?'

வைத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த அந்தச் சித்தப்பா, பின்வந்த வாரங்களில் வளர்ந்துவிட்டார். கதையிலேயே வாசகர்களுக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். 'அந்தச் சித்தப்பாவை எங்கே சார் பிடித்தீர்கள்?' என்று கடிதம் கடிதமாக வந்தது. மனித மனத்தின் ஆழத்தைப் பற்றி ஏதோ பதில் எழுதினேன். கதை புத்தகமாக வந்தபோது முன்னுரையில் பத்திரிகை ஆசிரியருக்கு நன்றி சொன்னேன். பதிப்பாளருக்கு, ஓவியருக்கு, காப்பி வாங்கிக் கொடுத்த நண்பருக்குக்கூடச் சொன்னேன்.

ஒரு தடவை அவரை நேரில் பார்த்தபோது, "சித்தப்பா உங்கள் உபயம்தான்" என்றேன். "நமக்கென்ன சார் இருக்கு! பிழையில்லாம வந்தாப் போதும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல மேடைகளில் பற்றற்ற நிலைக்கு உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டலிலும் அவருக்குப் பங்கு கொடுக்கவில்லை.

சென்ற மாதம் அந்த நாவலுக்குப் புதுப் பதிப்பு வருகிறது என்றார்கள். முன்னுரையில் அவர் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று விசாரித்தேன். அந்தப் பத்திரிகை நின்று வெகு காலமாகிவிட்டது. அவரும் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் மிஞ்சியிருந்த இருவரைத் தேடிப் பிடித்தேன். இருவருக்கும் அவரை நன்றாக நினைவிருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார், மத்தியானம் மோர் சாதம் கொண்டுவருவார் என்றெல்லாம் சொன்னார்கள். பெயர் மட்டும் தெரியவில்லை. "புரூஃப் ஐயான்னுதான் கூப்பிடுவோம்" என்றார்கள்.

மாடியில் பையன் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். முன்னுரையின் கடைசி வரியில், பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறேன்.